ஒலி எந்தப் பக்கம் போகிறது? புளூடூத் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் கைப்பேசிப் பாட்டைக் கேட்பதற்காக ஒரு புளூடூத் கருவி வாங்கி, பின்பக்கம் உள்ள ஆக்ஸ் துளையில் செருகினேன். கருவியில் விளக்கு மின்னுகிறது. ஆனால் கைப்பேசியில் எவ்வளவு தேடினாலும் அதன் பெயர் வரவே இல்லை. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. கருவியின் பக்கவாட்டில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று இரண்டு நிலை கொண்ட ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஆர்எக்ஸ் என்றால் பெறும் நிலை, டிஎக்ஸ் என்றால் அனுப்பும் நிலை. அந்த நிலையில் கருவி ஏதாவது ஹெட்போன் அகப்படுமா என்று தானே தேடிக்கொண்டிருக்கும். தன் பெயரை வெளியே காட்டாது. கைப்பேசியும் தேடுகிறது, கருவியும் தேடுகிறது, இரண்டும் சந்திக்க வழியில்லை. சுவிட்சை ஆர்எக்ஸ் பக்கம் தள்ளுங்கள். தள்ளியபின் கருவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பல கருவிகள் உயிர்பெறும் நேரத்தில்தான் சுவிட்சின் நிலையைப் படிக்கின்றன. சுவிட்சே இல்லையென்றால் நீங்கள் வாங்கியது பெரும்பாலும் வெறும் டிரான்ஸ்மிட்டராக இருக்கும். அப்படியானால் அதை ரிசீவராக மாற்ற முடியாது.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஒலி கம்பி வழியாகக் கருவிக்குள் நுழைகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது டிரான்ஸ்மிட்டர். கருவியிலிருந்து கம்பி வழியாக வெளியே வருகிறது என்றால் ரிசீவர்.

ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ், சிடி, டேப் என்று எழுதிய உள்ளீடுகளில் எதில் வேண்டுமானாலும் ரிசீவரைச் செருகலாம். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் செருகக் கூடாது. அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் ஒலிக்கானது. ரிசீவரின் ஒலி அதில் நுழைந்தால் கரகரவென்று உடைந்து வரும். கைப்பேசியின் ஒலியளவை முழுமைக்கு அருகில் வைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள். தலைகீழாகச் செய்தால் பாட்டோடு சீறலும் சேர்ந்து பெரிதாகும்.

கேள்வி: டிவியின் ஹெட்போன் துளையில் டிரான்ஸ்மிட்டர் செருகிப் படம் பார்க்கிறேன். உதடு முன்னால் போகிறது, பேச்சு பின்னால் வருகிறது. அதே ஹெட்போனைக் கைப்பேசியோடு இணைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. டிவியில் ஆடியோ டிலே என்ற அமைப்பைக் கூட்டியும் பார்த்தேன்; இன்னும் மோசமாகிறது.

பதில்: உங்கள் மூன்று கவனிப்புகளும் ஒரே காரணத்தைக் காட்டுகின்றன. டிரான்ஸ்மிட்டர் ஒலியைத் துண்டு துண்டாக்கிச் சுருக்கி அனுப்புகிறது. ஹெட்போனோ, வழியில் ஏதாவது துண்டு தவறினால் மறுபடி வாங்கிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஒலிக்கத் தொடங்குகிறது. தாமதத்தின் பெரும்பகுதி அந்தச் சேமிப்பில்தான் இருக்கிறது. ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி என்ற கோடெக்கில் இந்தத் தாமதம் பொதுவாக 150 முதல் 250 மில்லி விநாடி வரை வரும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி சுமார் 125 மில்லி விநாடி பின்தங்கும்போது மனிதர்கள் அதைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஆகவே எஸ்பிசியில் பேச்சு பிந்துவது கண்ணுக்குத் தெரிவதில் வியப்பில்லை.

கைப்பேசியில் ஏன் சரியாக இருந்தது? ஹெட்போன் தனக்கு எவ்வளவு தாமதம் என்பதைக் கைப்பேசிக்குச் சொல்ல முடியும். வீடியோ செயலி அந்த அளவுக்குப் படத்தையும் நிறுத்தி வைத்துக் காட்டுகிறது. டிவியின் ஹெட்போன் துளைக்கு மறுமுனையில் என்ன செருகியிருக்கிறது என்றே தெரியாது. படத்தைத் தாமதிக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? டிவியில் உள்ள ஆடியோ டிலே பெரும்பாலும் ஒலியை மேலும் பிந்த வைக்கத்தான் உதவும். உங்களுக்கு வேண்டியதோ ஒலி முந்துவது. அதனால் அந்த எண்ணை 0-வுக்குக் கொண்டுவாருங்கள்.

உண்மையான தீர்வு, குறைந்த தாமதக் கோடெக். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்பது சுமார் 40 மில்லி விநாடியில் வேலையை முடிக்கிறது. ஆனால் டிரான்ஸ்மிட்டர், ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் இரண்டும் பேசிக்கொண்டு தமக்குப் பொதுவான வேறு கோடெக்குக்கு, கடைசியில் எஸ்பிசிக்கு, இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. நல்ல டிரான்ஸ்மிட்டர்களில் எந்தக் கோடெக் ஓடுகிறது என்று காட்ட ஒரு விளக்கு இருக்கும். அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெட்போன் பெட்டியில் வெறும் ஆப்ட்எக்ஸ் என்றோ, ஆப்ட்எக்ஸ் எச்டி, ஆப்ட்எக்ஸ் அடாப்டிவ் என்றோ இருந்தால் அதில் லோ லேட்டன்சியும் அடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை தனித்தனி. பொத்தான் அளவிலான காதுக்குள் செருகும் இயர்பட்ஸ்களில் லோ லேட்டன்சி அரிது. டிவிக்கென்றே வாங்குவதாக இருந்தால் டிரான்ஸ்மிட்டரும் ஹெட்போனும் சேர்ந்த ஜோடியாக வாங்குவதே என் பரிந்துரை.

சோதிக்க எளிய வழி: செய்தி வாசிப்பவர் முகம் நெருக்கமாகத் தெரியும் காட்சியில் ப, ம என்ற எழுத்துகள் வரும் இடங்களைப் பாருங்கள். இரு உதடும் ஒட்டிப் பிரியும் கணத்தில் ஒலி கேட்க வேண்டும்.

புதிதாக எதுவும் வாங்காமல் சமாளிக்க வேண்டுமானால், படத்தைக் கணினியில் விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள். விண்டோஸில் ஜே விசையை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லி விநாடி முந்தும். கே விசை பிந்த வைக்கும். நான்கு முறை ஜே அழுத்தினால் பெரும்பாலான எஸ்பிசி ஹெட்போன்களுக்குச் சரியாக வந்துவிடும்.

கேள்வி: டிவியையும் டிரான்ஸ்மிட்டரையும் ஆப்டிகல் கம்பியில் (ஒலியை ஒளியாக எடுத்துச் செல்வது) இணைத்தேன். டிரான்ஸ்மிட்டரும் ஹெட்போனும் சேர்ந்துவிட்டன. ஒலி மட்டும் வரவில்லை. சில சேனல்களில் மட்டும் வருகிறது.

பதில்: சில சேனல்களில் வருகிறது என்பதால் கம்பியில் குறையில்லை. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்ற இடத்துக்குச் சென்று ஆட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்பதை பிசிஎம் என மாற்றுங்கள். டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய ஒலியில் வரும் நிகழ்ச்சிகளை டிவி அப்படியே ஆப்டிகல் வழியே தள்ளிவிடுகிறது. பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது; இடது, வலது என இரண்டு ஒலிச் சேனல் கொண்ட, சுருக்காத பிசிஎம் மட்டுமே புரியும். டிவியோடு தனியாக செட்டாப் பெட்டியோ டிஸ்க் பிளேயரோ இருந்தால் அதிலும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டியிருக்கும். பிளேயரில் ஒலியின் மாதிரி வேகம் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தாலும் சில டிரான்ஸ்மிட்டர்கள் ஊமையாகிவிடும், 48-க்கு இறக்குங்கள்.

எல்லாச் சேனலிலும் மௌனம் என்றால், கம்பியின் இரு முனைகளிலும் இருக்கும் சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். நிறம் இல்லாத மூடி, எளிதில் கண்ணில் படாது. டிவி ஓடும்போது கம்பியின் மறுமுனையை ஒரு வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்தால் சிவப்பு வெளிச்சம் விழ வேண்டும்.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் வழியே வரும் ஒலியின் அளவு நிலையானது. ரிமோட்டில் கூட்டிக் குறைக்க முடியாது, ஹெட்போனில்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: புளூடூத் 5.0 பதிப்புள்ள ரிசீவர் வைத்திருக்கிறேன். இப்போது 5.3 வந்திருக்கிறது. மாற்றினால் ஒலி தெளிவாகுமா?

பதில்: ஆகாது. 2016-இல் வந்த 5.0 பதிப்பு கூட்டிய வேகமும் தூரமும் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எல்இ பகுதிக்கானவை. பாட்டு போவது பழைய கிளாசிக் பகுதியில், ஏ2டிபி என்ற முறையில். அது அப்படியேதான் இருக்கிறது. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட பதிப்பு எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கம் சிறிதாக இருக்கும் கோடெக் பட்டியலையும் துளைகளின் படத்தையும் படியுங்கள்.

ஒலித் தரத்துக்காகவே மாற்ற நினைத்தால் உங்கள் கைப்பேசியையும் கணக்கில் எடுங்கள். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு கோடெக்குகளில் மட்டுமே அனுப்பும். அதற்கு எல்டிஏசி என்ற கோடெக் உள்ள ரிசீவர் வாங்குவது வீண். ஆண்ட்ராய்டில் 8.0 பதிப்பு முதல் எல்டிஏசிக்கு ஆதரவு உண்டு. அது விநாடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்ற மூன்று வேகங்களில் போகும். எஸ்பிசியின் உயர்தர அளவு 328 கிலோபிட். எண்ணில் பெரிய வித்தியாசம், காதில் அந்த அளவுக்கு இல்லை. மலிவான ரிசீவரில் முதலில் காதில் விழும் குறை அதன் அனலாக் வெளியீட்டின் இரைச்சல். ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தால், ஆப்டிகல் வெளியீடு உள்ள ரிசீவர் வாங்குங்கள். அந்த இரைச்சல் வர வழியே இல்லாமல் போகும்.

கேள்வி: காரின் ஆக்ஸ் துளையில் ரிசீவர் போட்டிருக்கிறேன். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, பாட்டுக்கு நடுவே ஒரு ஊளைச் சத்தம் ஏறி இறங்குகிறது. நின்றால் குறைகிறது.

பதில்: இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் அது ஆல்டர்னேட்டரின் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) சத்தம். ரிசீவர் காரின் உடலோடு இரண்டு வழியில் சேர்கிறது. சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் கம்பியின் மேலுறை வழியாக மற்றொன்று. இந்த இரண்டு எர்த் வழிகளும் சேர்ந்து ஒரு வளையம் ஆகின்றன. ஆல்டர்னேட்டரின் அலைகள் அந்த வளையத்தில் ஓடி ஒலியோடு கலக்கின்றன.

உறுதி செய்துகொண்டு பிறகு செலவு செய்யுங்கள். ரிசீவரில் பேட்டரி இருந்தால் சார்ஜர் கம்பியை மட்டும் பிடுங்குங்கள், பாட்டு ஓடட்டும். ஊளை நின்றுவிட்டால் எர்த் வளையம்தான். நிற்காவிட்டால் ஆக்ஸ் கம்பியையும் பிடுங்கிப் பாருங்கள்; அப்போதும் கேட்டால் குறை காரின் ஸ்டீரியோ இணைப்பிலேயே இருக்கிறது, ரிசீவரை எத்தனை முறை மாற்றினாலும் போகாது.

வளையத்தை அறுக்க கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டி கிடைக்கிறது. உள்ளே ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள், இடது வலது சேனலுக்கு ஒவ்வொன்று. அவற்றின் வழியே ஒலி காந்தப் புலமாகத் தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. ரிசீவருக்கும் ஆக்ஸ் துளைக்கும் நடுவே 3.5 மி.மீ. கம்பியில் அதைச் செருக வேண்டும். சார்ஜர் பக்கம் போட்டுப் பயனில்லை. மிகச் சிறிய ஐசொலேட்டர்களில் அடித்தள ஒலி கொஞ்சம் மெலியும். ஸ்டீரியோவில் பேஸை ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம்.

இன்ஜின் வேகத்தோடு மாறாமல் ஒரே சீராக விசில் போலக் கேட்டால் அது சார்ஜரின் சத்தம். வேறு சார்ஜரில் மாற்றிப் பாருங்கள். பேட்டரி உள்ள ரிசீவரை வெயில் படும் டாஷ்போர்டின் மேல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் செல் உப்பிவிடும். காரிலேயே நிரந்தரமாக வைப்பதாக இருந்தால், பேட்டரியே இல்லாமல் யுஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் ஓடி, சாவி போட்டதும் தானே இயங்கும் வகை நல்லது. அதற்கு ஐசொலேட்டரையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கேள்வி: ஒரே டிவியில் நானும் மனைவியும் இரண்டு ஹெட்போனில் கேட்க முடியுமா? அப்பா ஸ்பீக்கரிலேயே கேட்க வேண்டும்.

பதில்: முடியும். இரண்டு இணைப்பு தாங்கும் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். முதல் ஹெட்போனை இணைத்து, அதை அணைத்துவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரின் பொத்தானை மறுபடி நீளமாக அழுத்தி இரண்டாவதை இணையுங்கள். பிறகு முதலாவதை உயிர்ப்பித்தால் அது தானே வந்து சேரும். இரண்டும் சேர்ந்தபின் சில கருவிகள் கோடெக்கை எஸ்பிசிக்கு இறக்கிவிடும், தாமதம் கூடும். இரட்டை இணைப்பிலும் லோ லேட்டன்சி நிற்குமா என்பதை வாங்கும் முன் கையேட்டில் பாருங்கள்.

அப்பாவுக்கு ஸ்பீக்கர் வேண்டும் என்பதால் ஹெட்போன் துளையைப் பயன்படுத்தாதீர்கள்; பல டிவிகள் அதில் ஏதாவது செருகியதும் ஸ்பீக்கரை நிறுத்திவிடும். ஆப்டிகலில் இணையுங்கள். அதன்பின் டிவி அமைப்பில் ஸ்பீக்கரும் ஆப்டிகலும் சேர்ந்து ஒலிக்கும்படி தேர்வு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். அப்பா செவித்துணைக் கருவி அணிபவராக இருந்து, அதற்கே நேரடியாக ஒலி அனுப்ப நினைத்தால், சாதாரண டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் அதோடு சேராது. அந்தக் கருவியின் தயாரிப்பாளரே விற்கும் டிவி இணைப்பானைக் கேளுங்கள்.

கேள்வி: கணினியில் புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருக்கிறது. வீடியோ கூட்டத்தில் சேர்ந்த நொடியே ஒலி தொலைபேசிக் குரல் போலச் சுருங்கிவிடுகிறது. ஹெட்செட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், மைக்கை மாற்றுங்கள். ஏ2டிபி ஒரு பக்கம் மட்டுமே ஒலியை எடுத்துச் செல்லும். ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது செயலி கேட்டதும் கணினி எச்எஃப்பி என்ற பேச்சு முறைக்கு மாறுகிறது. அது ஒற்றைச் சேனல். மாதிரி வேகம் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். அதில் பாதி வரையிலான ஒலியே போகும், ஆகவே 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் மிஞ்சாது. கூட்டச் செயலியில் மைக் என்ற இடத்தில் மடிக்கணினியின் சொந்த மைக்கையோ தனி யுஎஸ்பி மைக்கையோ தேர்வு செய்யுங்கள். ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்செட்டின் ஸ்டீரியோ பெயரை வையுங்கள். விளையாட்டுகளில் குரல் அரட்டைக்கும் இதே வழிதான்.

கேள்வி: டிரான்ஸ்மிட்டரை டிவியின் பின்பக்க யுஎஸ்பி துளையிலேயே செருகியிருக்கிறேன். உட்கார்ந்திருக்கும்வரை சரி. எழுந்து திரும்பி நடந்தால் ஒலி விட்டு விட்டு வருகிறது. தூரம் 4 மீட்டர்கூட இல்லை.

பதில்: திரும்பி நடக்கும்போது நடுவில் வருவது உங்கள் உடம்பு. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், உடம்பில் உள்ள நீர் அந்த அலையை நன்றாக விழுங்கும். அதோடு டிவியின் உலோகத் தகடு டிரான்ஸ்மிட்டரை முழுவதும் மறைத்திருக்கிறது. அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி போட்டு, டிரான்ஸ்மிட்டரை டிவியின் விளிம்புக்கு வெளியே, உங்கள் பார்வையில் படும்படி கொண்டுவாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இது ஒன்றே போதும்.

போதாவிட்டால், கணினியிலோ டிவியிலோ பக்கத்திலேயே யுஎஸ்பி 3 வன்தட்டு செருகியிருக்கிறதா பாருங்கள். அதன் கம்பியிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வந்து விழுகிறது. வைஃபை ரௌட்டரை டிரான்ஸ்மிட்டருக்கு ஒட்டி வைக்காதீர்கள், முடிந்தால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். புளூடூத் தன் 79 தடங்களில் விநாடிக்கு 1,600 முறை தாவி, நெரிசலான தடங்களைத் தானே ஒதுக்கும். ஆனால் எங்கும் நெரிசல் என்றால் அது எங்கே தாவும்?

கேள்வி: டிவியை அணைத்து மறுநாள் போட்டால் டிரான்ஸ்மிட்டர் ஹெட்போனைக் கண்டுபிடிப்பதில்லை. தினமும் புதிதாக இணைக்க வேண்டியிருக்கிறது.

பதில்: ஹெட்போனை நீங்கள் உயிர்ப்பித்ததும் அது கைப்பேசியோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. கைப்பேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டு ஹெட்போனைப் போட்டுப் பாருங்கள். அப்போது சேர்ந்தால் காரணம் அதுதான். பிறகும் சேராவிட்டால் இரண்டின் நினைவுப் பட்டியலையும் கையேட்டில் சொன்னபடி அழித்து, ஒரு மீட்டருக்குள் வைத்து முதலிலிருந்து இணையுங்கள். பழைய கருவி எண் கேட்டால் 0000, இல்லையேல் 1234.

கேள்வி: ரிசீவரை ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கூட்ட ஒலிபெருக்கியின் மைக் துளையில் போட்டேன். இசைக்கருவிகள் கேட்கின்றன, பாடுபவர் குரல் காணாமல் போய்விட்டது. இடது வலது கம்பிகளை முறுக்கிச் சேர்த்துவிடலாமா?

பதில்: குரல் மறைந்ததே குறையைச் சொல்லிவிடுகிறது. அந்த மைக் துளை பேலன்ஸ்டு வகை. தன் இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் பெருக்கும். உங்கள் ஸ்டீரியோ கம்பி இடதை ஒன்றிலும் வலதை மற்றொன்றிலும் தந்துவிட்டது. பாடகர் குரல் இரண்டு சேனலிலும் சமமாக இருப்பதால் கழிந்துபோகிறது. ஓரங்களில் வைத்துப் பதிவான கருவிகள் மட்டும் மிஞ்சுகின்றன.

நேரடியாக முறுக்கிச் சேர்க்காதீர்கள். ரிசீவரின் இரண்டு வெளியீட்டுச் சுற்றுகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும், ஒலி சிதையும், சூடேறும். 1 கிலோ ஓம் மின்தடை இரண்டு எடுங்கள். இடது கம்பியில் ஒன்று, வலது கம்பியில் ஒன்று. அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து ஒரே கம்பியாக்கி மோனோ பின்னின் முனையில் பற்றவையுங்கள். எர்த் கம்பியை எர்த்திலேயே பற்றவையுங்கள். மின்தடைகள் பின்னின் உறைக்குள்ளேயே அடங்கிவிடும். இந்தக் கம்பியை மைக் துளையில் போடாமல் லைன் அல்லது ஆக்ஸ் துளையில் போடுங்கள். ரிசீவர் தரும் ஒலி மைக்கைவிட நூறு மடங்குக்கும் மேல் வலுவானது. மைக் துளையில் குமிழை எவ்வளவு குறைத்தாலும் உடைந்தே வரும்.

கேள்வி: எல்இ ஆடியோ வந்துவிட்டது என்கிறார்கள். இப்போது வாங்கலாமா, காத்திருக்கலாமா?

பதில்: புளூடூத்தின் எல்இ பகுதியிலேயே ஒலியை அனுப்ப 2020 ஜனவரியில் அறிவித்த முறை அது. எல்சி3 என்ற புதிய கோடெக், மைக்கோடு சேர்ந்தும் குறையாத ஒலி, ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து எத்தனை ஹெட்போனுக்கு வேண்டுமானாலும் அனுப்பும் ஆரகாஸ்ட் எல்லாம் அதில் உண்டு. புது ஹெட்போனும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் இரண்டின் பெட்டியிலும் எல்இ ஆடியோ என்று அச்சாகியிருப்பதை எடுங்கள். கையில் இருக்கும் பழைய ஹெட்போனுக்காக டிரான்ஸ்மிட்டர் தேடுகிறீர்கள் என்றால் காத்திருந்து பயனில்லை; அந்த ஹெட்போன் எல்சி3-யைப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அதில் என்ன கோடெக் இருக்கிறதோ, அதே கோடெக் உள்ள டிரான்ஸ்மிட்டரை இப்போதே வாங்கிவிடுங்கள்.